ஏழாவது வீட்டில் கலைந்த வேஷம்

வேஷம் போட்டுக்கொண்டு எடுத்த பிச்சையை அம்மன் ஏற்றுக்கொள்வாளா, மாட்டாளா?

நாலு வருஷமாக இந்தக் கேள்வியோடு குடித்தனம் நடத்துகிறேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். மாமியாரிடம் கேட்டேன். எங்கள் வீட்டில் நெல் குத்த வரும் செல்லம்மையிடமும் கேட்டேன். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள். அன்றன்றைக்குக் கேட்டதை அன்றன்றைக்கு நம்பினேன். என் வியாதியே அதுதான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் முன்ஷி, அதாவது தமிழ் வாத்தியார். நானும் படித்தவள்தான். தப்பில்லாமல் நாலு பக்கம் எழுதுவேன். ஆனால் பிள்ளை விஷயம் என்று வந்துவிட்டால் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ தெரியாது. கோமதி தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். அவள் விழித்துக்கொண்டு அழுவாள். ஐயோ, இப்படி அழுகிறாளே, என்னவோ ஏதோ என்று நானும் அழுவேன். (மாமியார் வந்து இரண்டு பேரையும் தட்டித் தூங்கவைப்பார்.)

அப்போது எங்கள் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஒரு மாதர் சங்கம் வைத்திருந்தோம். பென்ஷன் வாங்கிய தாசில்தாரின் மனைவிதான் தலைவி. வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டுக் கூடத்தில் கூடி, யாராவது ஒருத்தி ஒரு கட்டுரை வாசிப்பாள். பிறகு எல்லோரும் முறுக்குத் தின்போம். என் முறை வந்தபோது எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஒரு சொல்லை எடுத்துக்கோ. அதுக்க வேரைத் தோண்டு. பாதிக் கட்டுரை தானா முடிஞ்சிடும்" என்றார்.

நான் எடுத்த சொல் 'வேஷம்'. அவர் பெரிய அகராதியைப் பிரித்துப் பொருள் சொன்னார். அது வடமொழியிலிருந்து வந்த சொல்லாம். முதலில் அதற்கு உடுப்பு என்றுதான் பொருளாம். ஒருவர் உடுத்துகிற உடை, அவ்வளவுதான். பிற்பாடுதான் அடுத்தவரைப் போல உடுத்துவது என்று ஆகி, கூத்துமேடைக்குப் போய், கடைசியில் உள்ளே இல்லாததை வெளியே காட்டுவது என்று வந்து நின்றதாம்.

எனக்கு இது போதாதா? "உடுப்பாய்ப் பிறந்த சொல் பொய்யாய் வளர்ந்த கதையைப் பாரீர், சகோதரிகளே!" என்று தொடங்கினேன். (இதை மறுபடி எழுதும்போது காது சுடுகிறது.) காவி கட்டிய வேஷம், பணக்கார வேஷம் என்று வரிசையாகத் தாக்கினேன். முடிவில் பக்தி வேஷத்துக்கு வந்தேன். "நோயுற்ற குழந்தைக்கு மருந்தை நம்பாமல் மடிப்பிச்சையை நம்பும் தாய், தன்னையும் ஏமாற்றித் தெய்வத்தையும் ஏமாற்றுகிறாள்" என்று முடித்தேன். கைதட்டல் நிற்கவில்லை. தலைவியம்மாள் எனக்கு மட்டும் இரண்டு முறுக்கு அதிகமாகத் தந்தார்.

பதினைந்தாம் நாள் கோமதிக்கு அம்மை போட்டுவிட்டது.

அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. உடம்பெல்லாம் முத்து. கண் திறக்கவில்லை. வேப்பிலைக்கு நடுவில் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தாள். மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "முத்தாரம்மா, எனக்க பிள்ளையைத் தந்திரு. ஏழு வீட்டிலே மடிப்பிச்சை எடுத்து உனக்குக் கஞ்சி ஊத்துகேன்" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். என் வாய்தான்.

மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். தலைக்குத் தண்ணீர் விட்ட மறுநாளே மாமியார் தொடங்கிவிட்டார்.

"ஏட்டி, எப்பம் எடுக்கப் போறே?"

"எடுக்கணும் மாமி."

"நேந்துகிட்டது நீதானே? செவ்வாக்கிழமை காலையிலே குளிச்சு, மஞ்சச் சீலையை உடுத்து, நம்ம தெருவிலே ஏழு வாசல்லே போய் நில்லு. எல்லாரும் சந்தோசமாட்டு போடுவா. இதிலே என்ன வெக்கம்?"

வெட்கம் எதில் என்று மாமியாருக்கு எப்படிச் சொல்வேன்? எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தால் ஐந்து வீடு சங்கத்து வீடு. எனக்குக் கைதட்டிய அதே கைகள் எனக்கு அரிசி அள்ளிப் போட வேண்டும்! மழை என்றேன். மாசம் சரியில்லை என்றேன். இடுப்பு வலி என்றேன். மூன்று மாதம் ஓடியது. அப்புறம் ஒரு நாள் பிள்ளைக்கு மறுபடி உடம்பு சுட்டது.

(கடைவாய்ப் பல் முளைக்கிற காய்ச்சல். அது பின்னால்தான் தெரிந்தது.)

அம்மன் பாக்கியைக் கேட்கத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மாமியாரிடம் மெல்லக் கேட்டேன்.

"மாமி, வேற ஊரிலே எடுத்தா ஆகாதா?"

"எடுக்கலாம். ஆனா அங்க உனக்க மொகத்துக்கு ஆரு போடுவா?"

அவர் தடையாகச் சொன்னதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். என் முகத்தைத் தெரியாத ஊரில், இந்த முகமே இல்லாமல் போனால் என்ன? பிச்சைக்காரியாக வேஷம் போட்டுக்கொண்டு போனால் சங்கத்துக்கும் தெரியாது, அம்மனுக்கும் கொடுத்த வாக்குத் தப்பாது!

நாளும் வாய்த்தது. வருகிற செவ்வாய்க்கிழமை தலைவியம்மாளின் மகள் சிவகாமிக்கு வளைகாப்பு. சங்கம் முழுவதும் அங்கே போகிறது. என்னையும் அழைத்திருந்தார்கள். தலைவியம்மாள் வந்து அழைத்தபோது என் கை கோமதியின் நெற்றியில் இருந்தது. காதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். சிவகாமியைக் கட்டிக்கொடுத்தது அஞ்சுகிராமம் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாள் வேறு ஏதேதோ சொன்னார். நான் "ஆமா, ஆமா" என்றேன். பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல், வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எல்லோரும் அஞ்சுகிராமத்துக்குப் போகட்டும், நான் கொட்டாரத்துக்குப் போகிறேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

("அவங்க எல்லாரும் ஊரிலே இல்லைண்ணா, நம்ம தெருவிலேயே எடுத்திருக்கலாமே?" என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு கேட்டார். அது எனக்குத் தோன்றவில்லை.)

வேஷத்துக்குத் துணி வேண்டுமே? என்னிடம் இருந்த பழைய புடவைகூடக் கஞ்சி போட்டு மடித்ததாக இருந்தது. செல்லம்மையிடம் ரகசியத்தைச் சொல்லி, "உனக்கிட்ட இருக்கதிலே மோசமான சீலை ஒண்ணு தா" என்றேன். அவள் உலக்கையைச் சாய்த்து வைத்தாள்.

"எனக்கு மொத்தம் ரெண்டு சீலைதான் சின்னம்மா. ஒண்ணு உடம்பிலே கிடக்கு. மத்தது நான் கோயிலுக்குப் போகும்போ உடுக்கது. அதைத் தாறேன். கிழிச்சிராதீங்கோ. பங்குனிக் கொடைக்கு உடுத்தணும்."

வேறு யாராவது இதைக் கதையாகச் சொல்லியிருந்தால் எனக்கு அப்போதே உறைத்திருக்கும். என் அவசரத்தில் உறைக்கவில்லை. அவளுடைய திருவிழாச் சேலையைப் பிச்சைக்காரி வேஷமாக வாங்கி உடுத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளித் தோழியைப் பார்க்கப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டுச் செல்லம்மையின் குடிசைக்குப் போனேன். தாலியை ரவிக்கைக்குள் மறைத்து, மூக்குத்தியைக் கழற்றி, தலையில் புழுதியையும் முகத்தில் அடுப்புக்கரியையும் பூசிக்கொண்டேன். செல்லம்மை என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இப்பிடி நெஞ்சை நிமித்திட்டு நிண்ணா ஆரு பிச்சை போடுவா? வரி பிரிக்க வந்த பேஷ்காரு மாதிரி இருக்கு. கொஞ்சம் கூனுங்கோ."

கூனினேன்.

"வாயிலே என்ன சொல்லுவீங்கோ?"

"தாயே, தயை கூர்ந்து ஒரு பிடி அன்னமிடுவீர்களா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். முதுகு குலுங்கியது.

பஸ்ஸில் முதல் சோதனை. கண்டக்டர் என்னை ஏற விடவில்லை. "ஏய், இறங்கு! பிச்சை எடுக்க மோட்டாரிலேயா போறே?" என்றான். நான் சுருக்குப்பையைத் திறந்து காசை எடுத்து நீட்டி, "கொட்டாரத்துக்கு ஒரு டிக்கெட்டு. சில்லறை சரியாக இருக்கிறது" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு கொட்டாரம் வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

முதல் வீட்டில் ஒரு பெண் முகத்தைக்கூடப் பார்க்காமல் அரிசியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. இரண்டாவது வீட்டில் "கையும் காலும் நல்லாத்தானே இருக்கு? வயல்லே சோலி இல்லியா?" என்று ஏச்சு விழுந்தது. அப்புறம்தான் அரிசி விழுந்தது. மூன்றாவது வீட்டு அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு, "மிஞ்சி வெள்ளியாக்கும்? எங்க திருடினே?" என்றாள். கால்விரல் மிஞ்சியைக் கழற்ற மறந்திருந்தேன்! "கட்டினவர் போட்டது, தாயே" என்று சொல்லும்போது என் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. அவள் மனம் இளகி இரண்டு பிடி போட்டாள். நாலு, ஐந்து, ஆறு என்று தெருவின் கடைசிக்கு வந்தேன். மடி கனத்தது. இன்னும் ஒரே ஒரு வீடு. என் பிள்ளை தப்பித்தாள்.

ஏழாவது வீட்டில் மாவிலைத் தோரணமும் குலைவாழையும் கட்டியிருந்தது. விசேஷ வீடு, தாராளமாகப் போடுவார்கள் என்று வாசலில் போய் நின்றேன்.

"தாயே! தயை கூர்ந்து..."

உள்ளே கலகலவென்று வளையல் சத்தம். வாசலுக்கு வந்து நின்றவர் எங்கள் தலைவியம்மாள்.

அவர் அழைக்க வந்த அன்று சொன்னதெல்லாம் அப்போதுதான் என் காதுக்குள் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை ஜவுளிக்கடை வைத்தது கொட்டாரத்தில். அஞ்சுகிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே குடிவந்துவிட்டார்கள். வளைகாப்பும் இங்கேதான். நான்தான் "ஆமா, ஆமா" என்றேனே!

ஓடியிருப்பேன். ஆனால் கேட்டு நின்ற வாசலிலிருந்து வெறுமனே திரும்பினால் நேர்ச்சை பாழ் என்று மாமியார் சொல்லியிருந்தார். ஓடினால் மானம் தப்பும், பிள்ளை தப்பமாட்டாள். முகத்தை நெஞ்சில் புதைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆருட்டி நீ? எந்த ஊரு?"

"வடக்கே, தாயே."

"வடக்கேண்ணா?"

"மதுரை."

"மதுரையிலே இருந்து ஒரு பிடி அரிசிக்கா இங்க வந்தே?" என்றார் தலைவியம்மாள். உள்ளே சிரிப்பு. ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். சங்கத்தின் காரியதரிசி பொன்னம்மை என் கையை உற்றுப் பார்த்தாள்.

"கையைப் பாருங்கோ, பிஞ்சு வெண்டைக்காய் மாதிரி! ஒரு சோலியும் செய்யாத கை!"

"இதைத்தானே நம்ம முன்ஷி வீட்டம்மா அண்ணைக்கு வாசிச்சா?" என்றார் தலைவியம்மாள். "எல்லாம் வேஷம். பிச்சைக்காரங்க எல்லாருமே கள்ளங்க. ஒருத்திக்கும் ஒரு மணி அரிசி போடப்பிடாதுண்ணு எவ்வளவு அழகா எழுதியிருந்தா!"

அடுத்து நான் செய்ததற்கு இன்றுவரை எனக்குக் காரணம் தெரியவில்லை. என் பிள்ளையின் உயிருக்காக அங்கே நின்றவள் நான். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அரிசி விழுந்திருக்கும். ஆனால் நான் எழுதாத ஒன்றை நான் எழுதியதாகப் பதினொரு பேர் முன்னால் சொன்னால் எப்படிப் பொறுப்பது? நிமிர்ந்தேன். (பேஷ்கார் மாதிரியே இருந்திருக்கும்.)

"மன்னிக்க வேண்டும். நான் அப்படி எழுதவில்லை. 'உடல் வலிமையிருந்தும் உழைக்க மனமில்லாதவர்' என்றுதான் எழுதினேன்."

வளையல் சத்தம் நின்றது. தலைவியம்மாள் படியிறங்கி வந்து என் மோவாயைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயோ! முன்ஷி வீட்டம்மா!"

பொன்னம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "முன்ஷிக்கு சோலி போச்சா? எத்தனை நாளாட்டு வீட்டிலே அடுப்பு எரியல்லே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதாட்டி, பாவி!"

எல்லோரும் அழத் தொடங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் வகுப்பில் வெண்பா இலக்கணம் நடத்திக்கொண்டிருந்திருப்பார். இங்கே அவரைப் பட்டினியாக்கி, வேலையைப் பிடுங்கி, கிட்டத்தட்ட எழவு வீடாக்கிவிட்டார்கள். பேசாமல் இருந்தால் அவருடைய கௌரவம் போகும். உண்மையைச் சொன்னால் என் கட்டுரை போகும்.

"அவருக்கு ஒண்ணுமில்லை" என்றேன். "பிள்ளைக்கு அம்மை போட்டப்போ நேந்துகிட்டேன். மடிப்பிச்சை."

அழுகை நின்றது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். அப்போது உள்ளேயிருந்து சிவகாமி வந்தாள். ஏழு மாத வயிறு, கை முழுக்க வளையல். ஒரு நாழி அரிசியோடு நேரே என்னிடம் வந்தாள்.

"மடியைப் பிடிங்கக்கா. பிள்ளைக்கு இப்பம் கொள்ளாமா, சொகமா இருக்காளா?"

அவள் போட்டதும் மற்றவர்களுக்கும் வேகம் வந்துவிட்டது. பிள்ளைக்காக எடுக்கிற மடியில் போட்டால் போட்டவருக்கும் நல்லது அல்லவா? ஆளுக்கு ஒரு நாழி. தலைவியம்மாள் கடைசியாகப் போட்டுவிட்டுக் காதோடு கேட்டார்: "அந்தக் கட்டுரையை இனி என்ன செய்யப் போறே?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். டர்ரென்று ஒரு சத்தம். செல்லம்மையின் சேலை, கோயில் சேலை, கொடைக்கு உடுத்த வேண்டிய சேலை, மடியிலிருந்து முழங்கால் வரை கிழிந்தது. ஏழு வீட்டு அரிசியும் படி, முற்றம், பக்கத்தில் வைத்திருந்த லட்டுத் தட்டு எங்கும் பாய்ந்தது. பட்டுப்புடவை உடுத்திய பதினொரு பெண்கள் மண்டியிட்டு அரிசி பொறுக்கினார்கள். சிவகாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், இங்கேயே வலி கண்டுவிடுமோ என்று அவளுடைய மாமியார் பயந்துபோனார்.

தலைவியம்மாளின் வில்வண்டியில் வீட்டுக்கு வந்தேன். மாமியார் கோமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் கையை நீட்டினேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு அலறலை அம்மை போட்டிருந்தபோதுகூட நான் கேட்டதில்லை. மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை ஒளித்துக்கொண்டு வீறிட்டாள். எண்ணெய் தேய்த்துக் கரியைக் கழுவி, மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் என்னிடம் வந்தாள். அதுவும் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு.

அன்று நடந்த எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது அதுதான். நான் பெற்ற பிள்ளைக்கே தெரியாத முகத்தை அம்மனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

வீட்டுக்காரர் சிரித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பிறகு அகராதியை எடுத்தார். "வேஷம்ங்கற சொல்லுக்கு, உள்ளே புகுதல்ங்கற வேரையும் சிலபேர் சொல்லுகா. நீ போட்டதோட நிக்கல்லியே. ஏச்சு வாங்கினே, அழுதே, உள்ளே புகுந்துதானே நிண்ணே? ஏழு வீடும் அம்மனுக்குச் சேரும்" என்றார்.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏழாவது வீட்டிலதான் உனக்க மொகத்துக்கு விழுந்துது. மத்த ஆறும் செல்லம்மைக்க சீலைக்கு விழுந்தது. ஆறு வீடு பாக்கி இருக்கு."

இதைக் கேட்ட செல்லம்மை உலக்கையை நிறுத்தினாள். "எனக்க சீலைக்கு விழுந்ததுண்ணா, அந்த ஆறையும் எனக்க மவளுக்கு எடுத்ததாட்டு வச்சுக்கிடட்டா சின்னம்மா? அவளுக்கும் அம்மை வந்து எறங்கினதுதான். எனக்கு நேந்துகிட நேரமில்லை."

பெட்டியிலிருந்து என் நீலப் பட்டுக்கரைப் புடவையை எடுத்துக் கொடுத்தேன். பங்குனிக் கொடைக்கு அவள் அதை உடுத்திக்கொண்டு வந்தாள். கோயில் வாசலில் எங்களோடு நின்றிருந்த, என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூடத்து மலையாள முன்ஷி, குலசேகரத்துக்காரர், அவளைப் பார்த்து, "வேஷம் கொள்ளாமே, செல்லம்மே!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அவர்கள் பக்கத்துப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இன்னும் உடுப்பு என்று மட்டும்தான் பொருளாம்; உடுப்பு நன்றாக இருக்கிறதே என்றுதான் சொன்னாராம். செல்லம்மை சாதாரணமாகத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போனாள். நான் அவளுடைய சேலையை உடுத்தபோதுதான் அந்தச் சொல்லில் பொய் வந்து சேர்ந்திருக்கிறது.

கஞ்சியை அடுத்த செவ்வாய்க்கிழமையே ஊற்றிவிட்டோம். (லட்டு உதிர்ந்த அரிசி, அதனால் கொஞ்சம் இனித்தது.) கட்டுரை பரணில் இருக்கிறது. இன்றும் நான் நல்ல புடவை உடுத்திக்கொண்டு வெளியே கிளம்பினால் என் வீட்டுக்காரர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே "எத்தனை வீடு?" என்று கேட்பார். கோமதிக்கு இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது. அப்பம் வேண்டுமென்றால் அடுக்களை வாசலில் பாவாடையை ஏந்திக் கூனி நின்று, "தாயே, தயை கூர்ந்து..." என்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் மாமியார் கூரையைப் பார்க்கிறார்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அவள் ஒரு தடவை இருமினால், ஆறு வீடு பாக்கி என்று உள்ளே யாரோ சொல்கிறார்கள்.

ஆகவே வாசக சகோதரிகளே, உங்களைக் கேட்கிறேன். அந்த ஆறு வீடும் எனக்குச் சேர்ந்ததா, செல்லம்மையின் மகளுக்குப் போய்விட்டதா? மறுபடி எடுக்க வேண்டுமென்றால் எங்கள் தெருவிலேயே, இந்த முகத்தோடேயே, எந்தப் புடவையில் போய் நிற்கட்டும்? தெரிந்தவர்கள் பத்திரிகைக்கு நாலு வரி எழுதிப்போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. உள்ளே இப்போதுதான் ஒரு தும்மல் கேட்டது.